உட்காரத் தெரிந்த நாய் ஏன் கடிக்கிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கம் ஒன்றில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், "அடியாத மாடு படியாது" என்று தொடங்கினார். நல்ல கைதட்டலும் வாங்கினார். குரைக்கிற நாய், கடிக்கிற நாய், செருப்பைக் கிழிக்கிற நாய், எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிதல் பயிற்சிதான் மருந்து என்றார். இரண்டு மாதம் பயிற்சிக்கு அனுப்புங்கள், நாய் திருந்திவிடும் என்றார். நான் அந்தக் கருத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

பயிற்சி கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. "வா" என்றால் வருகிற நாய் சாலையில் கார் மோதாமல் பிழைக்கும். அது நல்லதுதான். ஆனால் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "டாக்டர், இவன் பயிற்சிக்குப் போய் வந்தவன். உட்காரச் சொன்னால் உட்காருவான், கை கொடுப்பான், படு என்றால் படுப்பான். ஆனால் போன வாரம் பேப்பர் போடும் தம்பியின் காலைப் பிடித்துவிட்டான்." அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஜெர்மன் ஷெப்பர்ட் என் அறையில் அழகாக உட்கார்ந்திருக்கும். நான் கை நீட்டினால் காலைக்கூடத் தூக்கிக் கொடுக்கும். ஆனால் அதன் காதுகள் பின்னால் மடிந்திருக்கும், வாய் இறுக மூடியிருக்கும், கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும். உட்கார்ந்த நிலையிலேயே பயந்து செத்துக்கொண்டிருக்கும்.

இருட்டைக் கண்டு பயப்படுகிற பிள்ளைக்கு நாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளை பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறது. அதனால் இருட்டுப் பயம் போய்விடுமா? உட்காருவது என்பது நாய் கற்றுக்கொண்ட ஒரு வேலை. அந்நியரைக் கண்டு பதறாமல் இருப்பது அதன் மனநிலை. முதலாவதைக் கற்றுக் கொடுத்துவிட்டு இரண்டாவது தானாக வரும் என்று எதிர்பார்க்கிறோம். வராதபோது நாயைத் திட்டுகிறோம்.

கேட்டுக்குப் பின்னால் நடப்பது

நம் தாமான்களில் நாய் வாழும் வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வரிசை வீடு. கார் நிறுத்தும் இடத்தில் ஒரு தூண். தூணில் ஆறடிச் சங்கிலி. கேட்டுக்கு அப்பால் மோட்டார் சைக்கிள், பள்ளிப் பேருந்து, ரொட்டிக்காரர், உணவு கொண்டுவரும் இளைஞர்கள், பக்கத்து வீட்டுப் பூனை என்று காலையிலிருந்து இரவு வரை ஏதாவது ஒன்று அசைந்துகொண்டே இருக்கும். வளர்ந்த நாய் ஒன்று ஒரு நாளில் ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரம் உறங்கும் பிராணி. வாசலில் கட்டிப் போட்ட நாய்க்கு அந்த உறக்கம் எங்கே கிடைக்கும்? நமக்கே இரண்டு இரவு தூக்கம் கெட்டால் வீட்டில் யாரிடமாவது எரிந்து விழுகிறோம்.

இனி தபால்காரர் வருகிறார். நாய்க்கு அச்சம். ஓட முடியாது, சங்கிலி. ஆகவே குரைக்கிறது. தபால்காரர் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். அவர் அடுத்த வீட்டுக்குப் போகத்தான் போகிறார் என்பது நமக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. "நான் குரைத்தேன், அவன் ஓடினான்" என்பதுதான் அதன் கணக்கு. நாளுக்குப் பத்து முறை இந்தக் கணக்கு சரியாக வருகிறது. இதைவிடச் சிறந்த பயிற்சிப் பள்ளி உலகத்தில் இல்லை! உள்ளேயிருந்து நாம் "சும்மா இரு!" என்று கத்துகிறோம். முதலாளியும் சேர்ந்து குரைக்கிறார் என்று அது எண்ணிக்கொண்டாலும் குற்றமில்லை.

"குரைக்கிற நாய் கடிக்காது" என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். தையல் போட்டுக்கொண்ட பலரும் இதை நம்பிக் கேட்டைத் திறந்தவர்கள்தான். குரைக்கிற நாய் கடிக்கும். ஆனால் அதற்கு முன்னால் அது எத்தனை முறை கெஞ்சியிருக்கும் என்பதை நாம் பார்ப்பதில்லை. நார்வே நாட்டைச் சேர்ந்த துரித் ருகாஸ் என்ற அம்மையார் நாய்களின் இந்த மௌன மொழியைப் பல ஆண்டுகள் கவனித்து எழுதியவர். தூக்கம் வராதபோதே கொட்டாவி விடும். மூக்கை நக்கிக்கொள்ளும். முகத்தை வேறு பக்கம் திருப்பும். தரையை முகர்வது போல் பாவனை செய்யும். இவையெல்லாம் "எனக்குச் சங்கடமாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போ" என்பதற்கான சொற்கள். அவை பலிக்காவிட்டால் உடல் விறைக்கும். பிறகு உறுமும். அதுவும் பலிக்காவிட்டால்தான் பல்.

உறுமியதற்காக நாயை அடிக்கிறோமே, அதுதான் நான் பார்த்தவற்றுள் மிக ஆபத்தான காரியம். அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும். பயம் நின்றிருக்காது, உறுமல்தான் நின்றிருக்கும். கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணி அடிக்கிறது, சத்தம் பிடிக்கவில்லை என்று மணியைக் கழற்றி எறிகிறோம், தீ அப்படியே எரிகிறது. பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பிள்ளையைக் கடித்துவிட்டதும், "ஒரு சத்தமும் இல்லாமல் திடீரென்று கடித்துவிட்டது டாக்டர்" என்கிறார்கள். சத்தம் போடக்கூடாது என்று கற்றுக் கொடுத்தவர்கள் நாம்தானே.

தலைவன் கதை

"நாய்க்கு நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நண்பர் அதையும் தொட்டார். கான்ராட் மோஸ்ட் என்ற ஜெர்மானியர் காவல்துறை நாய்களைப் பழக்கியவர். 1910ஆம் ஆண்டு அவர் எழுதிய கையேட்டில் கட்டாயப்படுத்துதல் முக்கிய இடம் பெற்றது. பிறகு 1947ல் ருடால்ஃப் ஷென்கெல் என்ற ஆய்வாளர், பாசல் நகர விலங்குக் காட்சிச்சாலையில் ஒரே அடைப்புக்குள் விடப்பட்டிருந்த ஓநாய்களைப் பற்றி எழுதினார். அவை ஒன்றையொன்று அடக்கித் தலைமைக்குப் போட்டியிட்டன என்றார். அந்தக் கருத்தை அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970ல் எழுதிய நூல் உலகெங்கும் பரப்பியது.

இதற்குப் பின் நடந்ததுதான் பலருக்குத் தெரியாது. அதே மெக், கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவுக்குப் பல கோடைகாலங்கள் சென்று, காட்டு ஓநாய்களை அருகிலிருந்து பார்த்தார். அங்கே தலைவனும் இல்லை, அடிமையும் இல்லை. அப்பா, அம்மா, பிள்ளைகள், அவ்வளவுதான். 1999ல் அதைக் கட்டுரையாக எழுதினார். தம்முடைய பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரையே கேட்டுக்கொண்டார். எழுதியவரே கைவிட்ட கருத்தை நாம் இன்னும் நாயின் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். அதோடு, நாய் ஓநாயே அல்ல. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனின் அடுப்படியில் வளர்ந்த பிராணி அது.

அடியும் முள் பட்டையும் மின் அதிர்ச்சிப் பட்டையும் உடனே பலன் தருகின்றனவே என்று கேட்பீர்கள். தரும். எப்படி என்று பார்க்க வேண்டும். 1967ல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் நாய்களுக்கு, தப்பிக்க வழியே இல்லாத மின் அதிர்ச்சியைக் கொடுத்தார்கள். பிறகு வேறொரு பெட்டியில் விட்டார்கள். அங்கே ஒரு சிறு தடுப்பைத் தாண்டினால் போதும், அதிர்ச்சியிலிருந்து தப்பலாம். அவற்றுள் பல நாய்கள் தாண்ட முயலக்கூட இல்லை. அப்படியே கிடந்தன. இன்று யாரும் செய்யத் துணியாத கொடிய சோதனை அது. ஆனால் "பயிற்சிக்குப் பிறகு எவ்வளவு அமைதியாகிவிட்டான் பாருங்கள்" என்று என்னிடம் சில நாய்களைக் காட்டும்போது எனக்கு அந்த நாய்களின் நினைவுதான் வருகிறது.

2020ல் போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகரில் நடந்த ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஏழு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 வீட்டு நாய்களை ஆராய்ந்தார்கள். சில பள்ளிகள் பரிசு மட்டும் கொடுத்துப் பழக்குபவை, மற்றவை தண்டனையையும் பயன்படுத்துபவை. தண்டனைப் பள்ளி நாய்கள் பயிற்சியின்போது அதிகம் கொட்டாவி விட்டன, உதட்டை நக்கின, அவற்றின் உமிழ்நீரில் மன உளைச்சலைக் காட்டும் கார்டிசோல் சுரப்பு கூடியிருந்தது. பிறகு ஒரு சோதனை. ஒரு பக்கம் வைத்த கிண்ணத்தில் சாசேஜ் இருக்கும், இன்னொரு பக்கம் வைத்தால் வெறுங்கிண்ணம் என்று நாய்களுக்குப் பழக்கிவிட்டு, கிண்ணத்தை இரண்டுக்கும் நடுவில் வைத்தார்கள். பரிசு பெற்றுப் பழகியவை ஆவலோடு ஓடின. தண்டனை அதிகம் கண்டவை தயங்கித் தயங்கிப் போயின. "நமக்கு எங்கே நல்லது கிடைக்கப் போகிறது" என்ற எண்ணம் போலும். பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் தொடர்கிற விளைவு இது.

முதலில் உடம்பைப் பாருங்கள்

என் தொழில் காரணமாக இதை அழுத்திச் சொல்கிறேன். குணம் திடீரென்று மாறிய நாயை முதலில் கொண்டுபோக வேண்டிய இடம் பயிற்சிப் பள்ளி அல்ல, மருத்துவமனை. 2020ல் பிரிட்டனின் டேனியல் மில்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரையில், நடத்தைக் கோளாறு என்று அனுப்பப்பட்ட பிராணிகளில் குறைத்து மதிப்பிட்டாலே சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோ ஒரு வலி இருந்தது என்கிறார்கள். நம் நாட்டுப் புழுக்கத்தில் காதுப் புண் சர்வ சாதாரணம். தலையைத் தடவப் போன பிள்ளையைக் கடித்தது என்று கொண்டுவருவார்கள், காதைத் திறந்து பார்த்தால் நாற்றம் குடலைப் பிடுங்கும். சொத்தைப் பல், இடுப்பு மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். வலியோடு இருக்கிற நாய்க்கு "உட்கார்" சொல்லிக் கொடுப்பதைப் போல் ஒரு கொடுமை இல்லை. இடுப்பு வலி இருந்தால் உட்காருவதே வேதனை அல்லவா!

உடம்பில் குறை இல்லை என்றால் அடுத்த வேலை, நாய் தோற்றுப்போகிற சூழலை மாற்றுவது. இதற்குப் பயிற்சியே தேவையில்லை. நாயை வாசலிலிருந்து வீட்டுப் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். கேட்டின் கீழ்ப்பாதியைப் பலகையால் மறையுங்கள். தபால் பெட்டியைக் கேட்டுக்கு வெளியே தெருப்பக்கம் பொருத்துங்கள். பாதிக் குரைப்பு அந்த வாரமே குறையும். சங்கிலியைக் கழற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

பிறகு நடை. காலையில் வெயில் ஏறுமுன் அரை மணி நேரம், நாயின் வேகத்தில். நாம் இழுத்துக்கொண்டு ஓடுவது நடை அல்ல. ஒரு மின்கம்பத்தை இரண்டு நிமிடம் முகர்கிறதா, முகரட்டும். நமக்குப் பத்திரிகை எப்படியோ அதற்கு அந்தக் கம்பம் அப்படி. வீட்டிலும் சோற்றைத் தட்டில் கொட்டாமல் புல்லில் சிதறவிட்டுத் தேடச் செய்யுங்கள். குழி தோண்டுதல், செருப்புக் கடித்தல் எல்லாம் பெரும்பாலும் வேலையில்லாத பிராணியின் பொழுதுபோக்குதான். அவற்றைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை.

கோழித் துண்டும் மோட்டார் சைக்கிளும்

அச்சம் என்பது வேறு விஷயம், அதற்குப் பொறுமை வேண்டும். மோட்டார் சைக்கிளைக் கண்டால் வெறி பிடித்தது போல் குரைக்கும் நாய் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எவ்வளவு தூரத்தில் அது மோட்டார் சைக்கிளைப் பார்த்தும் அமைதியாக இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஐம்பது அடியோ நூறு அடியோ, அது நாய்க்கு நாய் மாறும். அந்தத் தூரத்தில் நில்லுங்கள். மோட்டார் சைக்கிள் கண்ணில் பட்டதும், உப்புப் போடாமல் அவித்த கோழித் துண்டு ஒன்றைக் கொடுங்கள். வண்டி மறைந்ததும் கொடுப்பதை நிறுத்துங்கள். வரிசை முக்கியம். முதலில் மோட்டார் சைக்கிள், பிறகு கோழி. மாற்றிச் செய்தால், கோழியைக் கண்டாலே ஏதோ ஆபத்து வரப்போகிறது என்று கற்றுக்கொள்ளும்.

நாய் உட்கார வேண்டியதில்லை, உங்களைப் பார்க்க வேண்டியதில்லை, எதையும் செய்து காட்ட வேண்டியதில்லை. இது வேலைக்குக் கூலி அல்ல. சில நாட்களில், மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் நாய் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும், "எங்கே என் கோழி?" என்று. அந்தப் பார்வை வந்தபிறகு நான்கைந்து அடி முன்னால் போகலாம். மறுபடி பதறினால் அது நாயின் பிடிவாதம் அல்ல, நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். பின்வாங்கிக்கொள்ளுங்கள். வாரங்கள் ஆகும், சில நாய்களுக்கு மாதங்களும் ஆகும். இரண்டு மாதத்தில் உத்தரவாதம் தருகிறவர்களிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "நாய் தவறு செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" பதில் மழுப்பலாக இருந்தால் நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

"குரைக்கும்போது தின்னக் கொடுத்தால் குரைப்பதற்குப் பரிசு கொடுத்தது ஆகாதா?" என்று அரங்கில் ஒரு தம்பி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நல்ல கேள்வி. பல் மருத்துவரிடம் பயந்து அழுகிற பிள்ளைக்குத் தாதி மிட்டாய் கொடுக்கிறார். அடுத்த முறை பிள்ளை மிட்டாய்க்காக இன்னும் அதிகமாகப் பயப்படுமா? பயம் நாம் வேண்டுமென்று செய்கிற காரியம் அல்ல, பரிசு கொடுத்து வளர்ப்பதற்கு. இருந்தாலும் குரைக்கும் அளவுக்கு அருகில் போகாமல் இருப்பதே சிறப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மெத்தை கிழிந்து கிடக்கிறது. நாய் தலையைக் குனிந்து மூலையில் நிற்கிறது. "தப்புச் செய்தது அதற்கே தெரிகிறது" என்கிறோம். அமெரிக்காவின் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார். தவறு செய்யாத நாயும், உரிமையாளர் திட்டினால் அதே முகத்தைத்தான் காட்டியது. அது குற்ற உணர்வு அல்ல, உங்கள் முகத்தைக் கண்ட பயம். அடுக்குமாடி வீட்டில் தனியே விட்டதும் ஊளையிடுகிற, கதவைப் பிறாண்டுகிற நாய்க்கு, தனிமையே நோய். திரும்பி வந்து அடித்தால், தனிமைப் பயத்தோடு நீங்கள் திரும்பி வருகிற பயமும் சேர்ந்துகொள்ளும். இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. மனிதருக்குக் கொடுக்கும் புளுவோக்செட்டின் வகையையே மருத்துவர் மேற்பார்வையில் நாய்க்கும் கொடுக்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிள்ளையையோ முதியவரையோ ஆழமாகக் கடித்துவிட்ட நாயை, என் பேச்சைக் கேட்டுவிட்டு நீங்களாகவே திருத்தக் கிளம்ப வேண்டாம். அதற்குக் கூடை போன்ற வாய்ப்பூட்டு வேண்டும், நேரில் பார்க்கும் மருத்துவர் வேண்டும். கடிபட்டவரின் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். 2015ல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க் கடி நோய் தலைகாட்டியதையும், 2017 முதல் சரவாக்கில் உயிர்ப்பலி வாங்கியதையும் மறந்துவிடக்கூடாது.

இதையெல்லாம் நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், குரைக்கிற நாய்க்கு நம் நாட்டில் கடைசியில் என்ன நடக்கிறது என்பதுதான். பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். அவர் பிற சமயத்தவராக இருந்தால் சங்கடம் இரட்டிப்பு. ஓர் அண்டை வீட்டார் நாயின் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல. நகராண்மைக் கழகத்துக்குப் புகார் போகிறது. ஓர் இரவு நாயைக் காரில் ஏற்றி, சந்தைப் பக்கமோ தோட்டப்புறமோ கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். காலையில் பிள்ளைகளிடம், "ஓடிப்போய்விட்டது" என்கிறார்கள். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வதை செய்வோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும். அந்த நாய்களில் பல, கேட்டில் ஒரு பலகையும் நாளுக்குக் கால் கிலோ கோழியும் இருந்திருந்தால் வீட்டிலேயே இருந்திருக்கும்.

நெறியாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இன்னும் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறேன். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் வெடிச்சத்தத்தில் நாய்கள் காணாமல் போகின்றன. சங்கிலியோடு கேட்டைத் தாண்டிக் குதித்துத் தொங்குவதும் உண்டு. இரண்டு மாதம் முன்பிருந்தே பதிவு செய்த வெடிச்சத்தத்தை, காதில் விழுந்தும் விழாததுமாக மிகத் தாழ்வாக ஒலிக்கவிட்டு, அந்த நேரத்தில் சாப்பாடு கொடுங்கள். பண்டிகை இரவன்று எந்த நாயையும் வாசலில் கட்டாதீர்கள். உள்ளறை ஒன்றில் திரையை இழுத்துவிட்டு, காற்றாடியையோ தொலைக்காட்சியையோ ஓடவிட்டு, சங்கிலியில்லாமல் விடுங்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டால் வெளியே இழுக்காதீர்கள். உங்கள் மடியைத் தேடி வந்தால் தடவிக்கொடுங்கள். செல்லம் கொடுத்தால் கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.